கைராசி இல்லாத கேட்கீப்பர்

அத்தை மலையிலிருந்து திரும்பி வந்த அன்று அவரிடம் மூன்று சாமான்கள் இருந்தன. ஒரு டிரங்குப் பெட்டி, எக்ஸ்ரே படங்கள் வைத்த பழுப்பு உறை, மண் நிரப்பிய ஒரு பால் பவுடர் டின். பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டார். உறையை அம்மா வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள். டின்னை மட்டும் அத்தை யார் கையிலும் கொடுக்கவில்லை. ரயிலில் வழி முழுக்க அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

டின்னுக்குள் இரண்டு சாண் உயரத்தில் ஒரு செடி இருந்தது. தண்டு சிவந்து, உள்ளே தண்ணீர் ஓடுவது தெரிகிற மாதிரி பளபளவென்று இருந்தது. இலை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் கோணிக்கொண்டு நின்றது. கத்தரி பிடிக்கத் தெரியாத பிள்ளை காகிதத்தை வெட்டினால் அப்படித்தான் வரும். இதையா மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மலைக்குப் போனவர்கள் ஆரஞ்சுப்பழம் வாங்கி வருவார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்புறம், ஓட்டு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் சந்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவருடைய தங்கைதான் இந்த அத்தை. இரண்டு வருஷம் மலைமேல் கான்வென்ட்டில் தையல் டீச்சராக இருந்தார் என்பது சந்தில் எல்லோருக்கும் சொல்லப்பட்ட கதை. நெஞ்சுச் சீக்குக்காக மலை ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த கதை. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டில் எது மட்டம் என்பதுதான் தெரியாது.

சீக்கு முழுசாகப் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனாலும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. அத்தைக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். தினமும் ஒரு முட்டை வேறு. இதையெல்லாம் நான் மரியாதை என்று நினைத்துப் பொறாமைப்பட்டேன். அத்தையின் அறைக்குள் போகக்கூடாது என்று எனக்கும் தம்பிக்கும் உத்தரவு. ஆனால் செடி இருந்தது கொல்லையில், அடிபம்புக்குப் பக்கத்துச் சுவரோரம். கொல்லைக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் செடிக்கு அந்தப்பக்கம் அத்தையும் இந்தப்பக்கம் நானுமாகப் பழகிக்கொண்டோம்.

அதன் பேர் அத்தைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர் கசியும் பாறை இடுக்குகளில் அது தானாக முளைத்துக் கிடந்ததாம். படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிந்தது அந்தப் பாறை மட்டும்தான். அதனால் பாறைப்பூ என்று அவரே பேர் வைத்துவிட்டார். காட்டு பிகோனியா என்ற பெயர் எனக்குத் தெரிய வந்தபோது தலையில் நரை வந்துவிட்டது.

குளிரில் பிறந்ததை எங்கள் உப்புக்காற்றில் வளர்ப்பது லேசான காரியமில்லை. அடிபம்புத் தண்ணீர் உப்பு, அது ஆகாது. தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒருநாள் ஆறவைத்து ஊற்றவேண்டும். டின்னின் அடியில் உடைந்த ஓட்டுச்சில் இரண்டு விரல் உயரம் போடவேண்டும். தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். மண்ணில் பாதிக்கு மேல் இலைமக்கு கலக்கவேண்டும். அதற்காகக் கோயில் வளாகத்துப் பூவரச மரத்தடியில் நான் கூடையோடு அலைந்தேன். வெயில் காலை எட்டு மணி வரைக்கும் போதும். கடல் காற்று நேரே அடிக்காமல் ஒரு சாக்குத் திரை. துறைமுகத்திலிருந்து வரும் கரித்தூள் இலைமேல் படியும். அதை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக்கூடாது. தண்ணீரை இலைமேல் ஊற்றவே கூடாது, ஓரமாக மண்ணில்தான்.

இத்தனை செய்தும் சித்திரையில் செடி இலையெல்லாம் உதிர்த்து மொட்டைத் தண்டாக நின்றது. வைகாசியில் தண்டும் சுருங்கிவிட்டது. அம்மா தூக்கிப்போடச் சொன்னாள். அத்தை டின்னைச் சுவர் நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கை தண்ணீர் தெளித்துவந்தார். “அடியில உசிரு கீது” என்று மட்டும் சொன்னார். ஆடியில் முதல் மழை விழுந்து பத்து நாளில், மண்ணுக்குள்ளிருந்து சிவப்பாக மூக்கு நீட்டிக்கொண்டு மூன்று தளிர்கள் வந்தன. அம்மாவே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

புரட்டாசியில் பூத்தது. வெளிர் ரோஜா நிறத்தில், நடுவில் மஞ்சள் பொட்டு வைத்த சின்னச் சின்னப் பூக்கள். அதே வாரத்தில்தான் எண்ணூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை ரயில்வேயில் கேட்கீப்பர். எண்ணூர் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ஒரு லெவல் கிராசிங், பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டதாம். உயரமாக, பேசத் தெரியாதவராக இருந்தார். அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேசினார். எனக்கு முன்கூட்டியே பாடம் சொல்லித்தரப்பட்டிருந்தது. யார் கேட்டாலும் கான்வென்ட், தையல் டீச்சர். என்னை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொல்லையில் கை கழுவப் போன மாப்பிள்ளை செடியைப் பார்த்துவிட்டார். “இது இன்னா செடி? நம்ம பக்கம் பாத்ததில்லியே?” என்று கேட்டார். அவர் அம்மாவும் எட்டிப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, அத்தை மலையில் கான்வென்ட்டில் தையல் டீச்சராக இருந்தபோது கொண்டுவந்தது என்று ஒரு மூச்சில் ஒப்பித்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

அத்தை காப்பித் தட்டோடு கொல்லை வாசற்படியில் நின்றிருந்தார். “கான்வென்ட்டு இல்லீங்க, ஆஸ்பத்திரி” என்றார். “எனக்கு டிபி இருந்துச்சு. ரெண்டு வருசம் அங்கதான் கெடந்தேன். இப்ப இல்ல. டாக்டர் சீட்டு கீது, காட்டுறேன்.”

அதற்குப் பிறகு யாரும் காப்பி குடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை போக மறந்த மாதிரி ஒரு நிமிஷம் செடிப் பக்கமே நின்று, பிறகு பின்னால் போனார். அப்பா அன்று அத்தையைப் பார்த்துப் போட்ட கூச்சல் சந்து முழுக்கக் கேட்டது. எனக்கும் கோபம்தான். அவ்வளவு அழகாகச் சொன்ன பொய்யை இப்படி வீணாக்கிவிட்டாரே என்று இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது எங்கள் வாசலில் அந்தக் கேட்கீப்பர் நின்றிருந்தார். தனியாக. கையில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தச் செடியில ஒரு துண்டு குடுத்தா நானும் வெச்சிப் பாப்பேன்” என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்க் கொல்லையில் போட்டாள்.

அத்தை கணுவுக்குக் கீழே ஒரு தண்டை நறுக்கினார். வெட்டுவாய் காய அரைநாள் நிழலில் வைக்கவேண்டும், பிறகு ஆற்று மணலும் இலைமக்கும் சரிபாதி கலந்து நடவேண்டும், வேர் பிடிக்கும்வரை மேலே ஒரு ஜாடியைக் கவிழ்த்து வைக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டார். இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும், எனக்கே மனப்பாடம்.

இரண்டு ஞாயிறு கழித்து மறுபடி வந்தார். செடி அழுகிவிட்டதாம். அத்தை இன்னொரு தண்டை நறுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அடுத்த தடவை வந்து, ஆடு மேய்ந்துவிட்டது என்றார். அத்தை மறுபடி நறுக்கினார். மூன்றாம் தடவை அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“எங்கம்மா புளிச்ச கீரைன்னு நெனச்சி மீன் கொயம்புல போட்டுட்சி.”

“கொயம்பு நல்லா இருந்துச்சா?” என்று அத்தை கேட்டார்.

“அது நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் அவர். இரண்டு பேரும் இதை ஒரு பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்டுகிற அளவுக்குத் தண்டு முற்றவில்லை, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று அத்தை சொல்ல, அதன்பிறகு அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்.

அந்தச் செடிக்கு இலைமக்கு பொறுக்கியவள் நான். கரித்தூள் ஒற்றியவள் நான். இந்த மனிதர் வந்து வந்து அதை மொட்டையடித்துக்கொண்டு போகிறார், ஒன்றையாவது பிழைக்க வைக்கிறாரா? இப்படியும் ஒருவருக்குக் கைராசி இல்லாமல் போகுமா? அத்தையும் சலிக்காமல் ஒவ்வொரு ஞாயிறும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறார். இதற்கு நான்தான் ஒரு முடிவு கட்டவேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஒரு தண்டை நானே ரகசியமாக உடைத்து, உடைந்த கூஜாவில் மணல் கலந்து நட்டு, பம்புக்குப் பின்னால் மறைத்து வளர்த்தேன். ஒரு மாதத்தில் அது ஆறு இலை விட்டு, நுனியில் மொட்டுக்கூடக் கட்டிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சந்துமுனையில் திரும்பும்போதே கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“இது நல்லா பொயச்சிடுச்சு. இத எடுத்துகினு போங்க. இனிமே நீங்க வர வேணாம்” என்றேன்.

அவர் கூஜாவை வாங்கிக்கொண்டார். செடியைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். “அத்தை சொன்னாங்களா, பாப்பா?”

பெரியவர் ஒருவர் என்னிடம் அவ்வளவு பணிவாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லவில்லை என்று சொன்னால் என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விடும் போலிருந்தது. “ஆமா” என்றேன்.

“செரி” என்றார். கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தார்.

அன்று அத்தை கொல்லையில் பத்து மணி வரை நின்றார். பதினோரு மணிக்கு அம்மா நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிறு நாற்காலியைப் போட்டாள், மறுபடி எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பெருமையாக இருந்தது, பிறகு அவ்வளவு பெருமையாக இல்லை. மூன்றாவது ஞாயிறு அத்தை நீலச் சேலை கட்டவில்லை. பாயை விட்டு எழவே இல்லை. கொல்லையில் கரித்தூள் படிந்த இலைகள் அப்படியே இருந்தன. முட்டை தட்டிலேயே கிடந்தது. மறுநாள் காலையில் அம்மா அப்பாவிடம், திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்துப் பார்க்கலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டதைக் கேட்டுவிட்டேன்.

அத்தையை மறுபடி மலைக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்கு நான்தான் காரணம் என்று தோன்றியது. எப்படிக் காரணம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. போகக்கூடாத அறைக்குள் போய், பாயின் ஓரத்தில் நின்று, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். கூஜா, மொட்டு, வர வேணாம் என்றது, ஆமா என்றது.

அத்தை என்னைத் திட்டவில்லை. எழுந்து முகம் கழுவினார். தலையை வாரினார். நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, “கெளம்பு” என்றார்.

எங்கே கிளம்பிவிட்டாய் என்று அம்மா கேட்டாள். “செடி எப்படி கீதுன்னு பாத்துட்டு வந்துர்றேன், அண்ணி.” அம்மா குடையை எடுத்துக் கொடுத்தாள். மலையிலிருந்து வந்தபிறகு கோயிலைத் தவிர அத்தை வெளியில் போனது அன்றைக்குத்தான்.

ராயபுரத்தில் ரயில் ஏறினோம். திருவொற்றியூர் தாண்டியதும் அத்தை கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துச் சுருட்டிவிட்டார். எண்ணூரில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டித் திரும்பி நடந்தோம். காற்று குடையைப் பிடுங்கியது. மீன்வலை காயப்போட்டிருந்த மேட்டைத் தாண்டியதும் கேட் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளையடித்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். அதன் நிழல் பக்கத்தில், காற்றை மறித்துப் பனையோலைத் தட்டி ஒன்று கட்டியிருந்தது.

தட்டிக்குப் பின்னால் அவருடைய அம்மா குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கையில் பிடித்த சொம்பு அப்படியே நின்றது. ஏதாவது சொல்லியாகவேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, “இத்துக்கு ஓரமாத்தான் ஊத்தணுமாமே” என்றார். “எலை மேல ஒரு சொட்டு பட்டாப் போதும், எம்புள்ள எங்கிட்ட சண்டைக்கு வருது.”

நான் தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். என் கூஜா இருந்தது. செடி பூத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று மண்ணெண்ணெய் டின்கள் இருந்தன. மூன்றிலும் பாறைப்பூ. ஒன்று டின்னோடு சேர்த்து என் இடுப்புயரத்துக்கு வளர்ந்திருந்தது. கோணல் இலைகளில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

கேட் அறையிலிருந்து கையில் கொடியோடு வெளியே வந்த கேட்கீப்பர், எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

“நீங்க வர வேணாம்னு சொன்னதா…” என்று ஆரம்பித்தார்.

“நான் சொல்லல” என்றார் அத்தை. பிறகு டின்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக விரலை நீட்டினார். “இது அழுவிப்போனது. இது ஆடு மேஞ்சது. இது கொயம்புல போட்டது. அப்படித்தானே?”

“நான் எங்கடா கொயம்புல போட்டேன்?” என்றார் அவருடைய அம்மா.

மகன் சிக்னலைப் பார்த்தார். சிக்னல் இறங்கியிருந்தது. ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினார். ஒரு சரக்கு ரயில் மணலிப் பக்கம் போகும் வண்டிகளை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கடந்தது. முடிகிற வழியாக இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தை சிரித்தார். வழக்கமாக வாயில் வைத்துக்கொள்ளும் கைக்குட்டை இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கேட்கீப்பர் கொடியைப் பிடித்துக்கொண்டு, ரயிலைப் பார்க்கவேண்டியவர், இந்தப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. நான் சொன்னது ஒரு பொய். அவர் சொன்னது மூன்று. அதுவும் இத்தனை வயதில். வீட்டுக்குப் போனதும் இதை முதலில் சொல்லிவிட்டால் என்னுடையது யாருக்கும் பெரிதாகத் தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

சந்துக்குள் நுழைந்ததும் அத்தையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஆள் பொய்க்காரன், ஒரு செடிகூடச் சாகவில்லை, எல்லாம் வரிசையாக இருக்கிறது, அவன் அம்மாவே தண்ணீர் ஊற்றுகிறாள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா ஆய்வதை நிறுத்திவிட்டாள். “அந்தம்மாவா ஊத்துது? நீ பாத்தியா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு செதிலோடு கையை அப்படியே முந்தானையில் துடைத்துக்கொண்டு, வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனாள்.

“இன்னா கயட்டினுகீறே? போடு சட்டைய. சாமியாரப் பாத்துட்டு வந்துரலாம் வா.”

விஷயம் எங்கள் கோயில் பங்குச் சாமியார் வரை போகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். சாட்சிக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். அம்மா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். கன்னமெல்லாம் மீன் நாற்றம்.

அதன்பிறகு சாமியார் எண்ணூருக்குப் போனதும், அம்மா டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு தானும் ஒருநாள் போய்வந்ததும் நடந்தன. அந்த மனிதருக்கு எல்லோரும் சேர்ந்து நன்றாகத் திட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்த ஞாயிறு பூசையில் சாமியார், நடக்கப்போகிற கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசித்தார். எண்ணூர்ப் பங்கைச் சேர்ந்த இன்னார் என்று அவர் பேரையும், நம் பங்கைச் சேர்ந்த இன்னார் என்று அத்தை பேரையும் சேர்த்து வாசித்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லிவிட்டு, சாமியார் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். கோயில் முழுக்க ஒரு சத்தமில்லை. அந்த மூன்று பொய்யும் தெரிந்த அப்பா சும்மா இருந்தார். எல்லாம் தெரிந்த அம்மாவும் சும்மா இருந்தாள். அத்தை தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். வேறு வழியில்லாமல் நான் எழுந்து நின்றேன்.

அம்மா என் பாவாடையைப் பிடித்து ஒரே இழுப்பில் உட்கார வைத்தாள்.